ஐயர் வராமல் பிறக்காத வருஷம்

"தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் முக்காலியிலிருந்து விழப் பார்த்தார். அவர் கை காலண்டரின் மேல் இருந்தது. டிசம்பர் மாதத்தின் கடைசி நாள், காலை நேரம். வெளியே தூறல். சுண்ணாம்பு கரைத்துப் பாதிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, மீதிக்காகக் காலண்டரை எடுத்துவிடுவோம் என்று ஏறியிருந்தார்.

"ஏட்டி, நாளைக்குப் புது வருசம். பழசு இன்னும் எதுக்குத் தொங்குது?"

"ஐயர் வந்தாவளா? ஐயர் வராம எப்படி வருசம் பொறக்கும்? எறங்குங்க கீழ."

"ஐயர் நாளை கழிச்சித்தான வருவாவ. அதுவரைக்கும் இந்தச் சுண்ணாம்பு என்னத்துக்கு ஆவும்?"

"என்னத்துக்கும் ஆவட்டும். அந்தக் காலண்டர்ல கை வச்சீயளோ, பொறவு என்கிட்ட வந்து கஞ்சி கேக்காதீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். எனக்கு அப்போது நிறைமாதம். இறங்கிப்போய் சுண்ணாம்புச் சட்டியைக் கொல்லைப்புறம் வைத்துவிட்டார்.

பாவம், நல்ல மனிதர். கிராம்புத் தோட்டத்தில் மேஸ்திரி. அங்கே அவர் கனைத்தால் ஆட்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்வார்கள். வீட்டில் நான் கனைத்தால் அவர் நிமிர்வார். அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. இப்போது சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் நாக்கு வரமாட்டேன் என்கிறது. ஆகவே வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் கிராம்பு மொட்டு பறிக்கிறதைப் பற்றி எழுத ஆரம்பித்து மாங்குஸ்தானில் போய் முடித்தேன். இந்த வாரம் வழி தவறாமல் போகப் பார்க்கிறேன். ரொம்ப நம்பிவிடாதீர்கள்.

கடைசிக் கோயில்

ஐயர் என்றவுடன் வேறு யாரையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி ஐயரம்மா.

குற்றாலத்தில் அருவிக்கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் மலையடிவாரத்தில் தோட்டங்கள். கிராம்பு, ஜாதிக்காய், மாங்குஸ்தான். அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு ஓரிடத்தில் குடியிருந்தோம். நடுவில் ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில். மணி வாங்க எங்களுக்கு வக்கில்லை. செங்கோட்டை ரயில் பாதையில் கழித்துப் போட்ட ஒரு தண்டவாளத் துண்டை வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தோம். அதுதான் எங்கள் மணி.

ஐயருக்கு எங்களைப் போல ஏழெட்டுச் சபைகள். அவர் ஒருவர், அவர் வண்டியும் ஒன்று. ஆகவே பழைய வருஷத்தை முடித்துப் புது வருஷத்தைத் தொடங்கிவைக்கிற ஆராதனையை அவர் ஒவ்வோர் ஊராகத்தான் நடத்திக்கொண்டு வரவேண்டும். முதலில் தென்காசி. அப்புறம் குத்துக்கல்வலசைப் பக்கம். அப்புறம் வயற்காட்டு ஊர்கள். எல்லாம் முடித்து, தொண்டை கட்டி, மாட்டுக்கும் நுரை தள்ளி, கடைசியாக எங்களிடம் வருவார். அவருடைய சபைகள் எல்லாம் சேர்ந்த சேகரத்தில் எங்கள் கோயிலுக்குப் பெயரே கடைசிக் கோயில்தான்.

அதனால் உலகத்துக்கெல்லாம் ஒன்றாம் தேதி பிறக்கிற வருஷம் எங்களுக்கு இரண்டாம் தேதிதான் பிறக்கும். ஒரு தடவை அச்சு முறிந்து மூன்றாம் தேதி பிறந்தது. ஐயர் வந்து ஜெபித்து, அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்து, "புது வருஷ வாழ்த்துதல்" என்று சொன்னால்தான் எங்களுக்குக் கணக்கு. அதுவரை புதுத்துணி உடுத்தமாட்டோம். பழைய காலண்டரை எடுக்கமாட்டோம். யார் எப்போது ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம், ஆனால் மாற்றமாட்டோம்.

இதில் ஒரு வசதி உண்டு. புது வருஷத் திருவிருந்து எடுப்பதற்கு முன்னால் சண்டைக்காரர்கள் சமாதானமாக வேண்டும் என்பது சபைக் கட்டளை. உலகத்தார் முப்பத்தொன்றாம் தேதியோடு சண்டையை முடித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஒரு நாள் கூடுதல்! மிச்சம் வைத்திருந்த வசவுகளையெல்லாம் அந்த ஒரு நாளில் எங்கள் பெண்கள் தீர்த்துக்கொள்வார்கள். நானும் தீர்த்திருக்கிறேன்.

ஐயர் இல்லாத நாளில் சபையைப் பார்த்துக்கொள்ள ஓர் உபதேசியார் இருந்தார். கணீரென்று பாடுவார். வயிற்றுவலிக்காரருக்கு ஜெபித்தால் கேட்கிறவருக்கே கண்ணீர் வரும். ஆனால் ஐயரைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். அவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

எனக்கு இருந்த பயம்

காலண்டருக்காக நான் ஏன் அந்தக் கத்து கத்தினேன் என்று சொல்ல வேண்டும்.

வயிற்றில் இருந்தது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் மண்ணுக்குள் இருந்தன. மூத்தவன் ஒரு தை மாதத்தில் பிறந்தான். அழவில்லை. அழுவான், அழுவான் என்று நான் காத்துக்கிடந்தேன். யாரோ விளக்கைத் தள்ளி வைத்தார்கள், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது பெண். மாசியில் பிறந்தாள். ஒரு வாரம் இருந்தாள். நன்றாகத்தான் பால் குடித்தாள், அப்புறம் குடிக்கவில்லை.

இரண்டு பிள்ளைகளையும் புதிதாகப் பிறந்த வருஷம்தான் கொண்டுவந்தது. கொண்டுவந்ததும் எடுத்துப் போய்விட்டது. அதிலிருந்து புது வருஷம் என்றாலே எனக்குப் பயம். எல்லாரும் சிரித்துக்கொண்டு வாழ்த்துதல் சொல்லும்போது, "என்னத்தைக் கொண்டு வந்திருக்கே?" என்று அந்த வருஷத்தின் கழுத்தைப் பிடித்துக் கேட்கவேண்டும் போல இருக்கும்.

மூன்றாவது தரித்தபோது முதலில் பிள்ளைக்காக ஜெபித்தேன். மாதம் ஏற ஏற அந்த ஜெபம் வாயில் வரவில்லை. கேட்டு இரண்டு தடவை இல்லையென்றாகிவிட்டது, மூன்றாவது தடவை என்ன முகத்தோடு கேட்பது? கடைசியில் என் ஜெபம் ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது. கர்த்தாவே, இந்த வருஷம் போகவேண்டாம்.

உள்ளே இருக்கும்வரை பிள்ளை உதைத்தது. உதைக்கும்வரை உயிரோடு இருந்தது. இந்த வருஷம் இப்படியே நின்றுவிட்டால் எனக்கு ஒரு பிள்ளை உண்டு. சூரியனையே நிற்கச் சொல்லி ஜெபித்தவர்களைப் பற்றி வேதத்தில் கேட்டிருக்கிறேனே, ஒரு காலண்டரை நிறுத்துவதா பெரிது? இது பைத்தியம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பயம் வந்தவளுக்குப் புத்தி சொன்னால் ஏறுமா?

கார்த்திகையில் ஒருநாள் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், "உத்தரத்துல ஒரு கொக்கி மாட்டி வைக்கட்டுமா? தொட்டில் கட்டணும்லா?"

என் கையில் அகப்பை இருந்தது. அது பறந்தது. அவர் குனிந்துகொண்டதால் சுவரில் பட்டது. அதற்குப் பிறகு தொட்டிலைப் பற்றி அவர் பேசவில்லை.

ஊருக்கு ஒரு வருஷம்

காலண்டர் சண்டை நடந்த அன்று சாயங்காலம் மைதீன் பாத்து அக்கா வந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெயும் சீயக்காயும் விற்கிற கடை வைத்திருந்தார். அக்காவுக்கு ஏழு பிள்ளைகள். தன் பிள்ளைகளைப் பெற்றது போக, அக்கம்பக்கத்தில் யாருக்கு வலி என்றாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள். எனக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருந்தது. முந்தின இரண்டும் வீட்டில் ஆனதால் இந்தத் தடவை ஆஸ்பத்திரி என்று வீட்டுக்காரர் பிடிவாதம். ஐயர் வந்து போனதும் வண்டி கட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அக்கா சுக்கும் கருப்பட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். பாதிச் சுவர் வெள்ளை, பாதி அழுக்கு.

"என்னட்டி இது, வெள்ளையடிப்பு பாதியில நிக்கி?"

சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்களுக்கு மொகரத்துல வருசம் பொறக்குது. கோயில் தெருவுல உள்ளவங்களுக்குச் சித்திரையில. செங்கோட்டைக்காரனுக்கு மலையாளக் கணக்கு, ஆவணியில பொறக்கும். உனக்கு ஐயர் வண்டியில ஏறி வருது. வயித்துல கெடக்க பிள்ள இதுல எந்த வருசத்த எண்ணிக்கிட்டுக் கெடக்குன்னு நெனைக்க?"

"நீங்க சிரிப்பீக. ஏழு பெத்து ஏழும் நடமாடுது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்து அமுக்கிவிட்டார்கள். கால் வீங்கியிருந்தது.

"நாள் ஆச்சுன்னா அது வரும்ட்டி. வரச் சொல்லுதவன் ஒருத்தன் இருக்கான். நீ வாசல்ல நின்னுக்கிட்டு வராத வராதன்னா அவன் கேப்பானா?"

வெளியே தூறல் மழையாகியிருந்தது.

கேட்ட ஜெபம்

குற்றாலத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அருவிச் சத்தம் காதில் விழாது. மூச்சு விடுவது நமக்குக் கேட்கிறதா என்ன? ஆனால் சத்தம் மாறினால் உடனே தெரியும். மறுநாள் விடியும்போது நான் விழித்ததே அந்தச் சத்தம் மாறியதால்தான். மலைக்குள் விடிய விடியக் கொட்டியிருக்கிறது.

உபதேசியார் கோணிச்சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மீசையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"மேஸ்திரி, தரைப்பாலம் முங்கிட்டு. ஐயர் அக்கரை ஊர்லதான் நிக்காவளாம். வண்டி எறக்க முடியாது. நாளைக்கு வாறதும் சந்தேகந்தான்."

எனக்கு எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? சந்தோஷம்! கேட்ட ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. பாலமே முங்கிவிட்டது, இனி புது வருஷம் எப்படி வரும் பார்ப்போம்! எழுந்துபோய்க் கருப்பட்டிக் காப்பி போட்டேன். உபதேசியாருக்கு ஒரு டம்ளர், வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர். பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

உபதேசியார் குடித்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஆறுதுல்லா?" என்றேன்.

"ஆஸ்பத்திரியும் அக்கரையிலதான இருக்கு," என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. ஆறு பெருகி ஐயரை நிறுத்தினால் என்னையும் நிறுத்தும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. "இன்னும் நாள் கெடக்கு, அதுக்குள்ள தண்ணி வடிஞ்சிரும்," என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கழுவக் குனிந்தேன்.

குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்பைப் பிடித்து யாரோ முறுக்கியது போல வலி வந்தது.

அது வருவதற்குள்

வீட்டுக்காரர் மழையில் ஓடிப்போய்ப் பாத்து அக்காவைக் கூட்டிவந்தார். அக்கா வந்தவுடன் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மழை இருட்டுக்கு விளக்கை ஏற்றிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தார்கள். எனக்கு வலியைவிடப் பயம்தான் அதிகம். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உளறியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"அக்கா, இப்பம் வேண்டாம்க்கா. ஐயர் வரல. இன்னும் வருசம் பொறக்கலக்கா."

அக்கா என் முகத்து வேர்வையைத் துடைத்தார்கள்.

"அப்பம் நல்லதாப் போச்சு! நீ பயந்த வருசம் இன்னும் வரலல்லா? அது வாறதுக்குள்ள பெத்துப் போட்டுட்டு எந்திரி."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன், உடனே கதறினேன். ஆனால் ஏதோ ஒன்று என்னைவிட்டு இறங்கிவிட்டது. எவ்வளவு நாளாகக் கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது. கை அவ்வளவு வலித்திருக்கிறது.

அப்போது ஜெபித்தேன். மாதக்கணக்கில் வாயில் வராத ஜெபம் தானாக வந்தது. கர்த்தாவே, பாலம் முங்கிக் கிடக்கிறது. ஐயரால் வரமுடியாது. என்னாலும் போகமுடியாது. உமக்குப் பாலம் வேண்டாமே, நீர் வாரும். இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைக் கொடும் என்றுகூடக் கேட்கவில்லை. பக்கத்தில் இரும் என்று மட்டும் கேட்டேன்.

உச்சிவேளைக்குப் பிள்ளை பிறந்தது.

அழவில்லை.

வெளியே மழை, அதற்கு அப்பால் அருவி. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா ஏதோ செய்கிறார்கள், தலைகீழாகப் பிடிக்கிறார்கள், முதுகில் தட்டுகிறார்கள், "அல்லா, அல்லா" என்கிறார்கள். விளக்கைத் தள்ளி வைக்கிறார்களா என்று காதால் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஒரு பெரிய சத்தம். அப்புறம் நிறுத்தவே இல்லை. அப்படி ஓர் அழுகை! அருவிச் சத்தத்தை அமுக்கிவிட்டது.

"பொம்பளப் பிள்ள," என்றார்கள் அக்கா. "உன் தொண்ட."

நான் அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் அழுததில்லை.

வீட்டுக்காரர் செய்த காரியம்

வெளியே இருந்தவருக்கு அழுகைச் சத்தம் கேட்டதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தோட்டத்தில் அதிகாரம் பண்ணுகிற மனிதர், பெண்பிள்ளை போல அழவும் முடியாது. ஓடினார். கோயில் வாசல் வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு தொங்கியதா, இரும்புத் தடியை எடுத்து அடி அடியென்று அடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் சாதாரண ஆராதனைக்கு நிறுத்தி நிறுத்தி அடிப்போம். சாவுக்கு ஒவ்வொன்றாக அடிப்போம். விடாமல் தொடர்ந்து அடிப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஐயர் வண்டி தெரிந்ததும், புது வருஷத்துக்காக.

மணி கேட்டதும் ஊரே எழும்பிவிட்டது. "ஐயர் வந்துட்டாவ! இன்னைக்கேயா? எப்படி வந்தாவ? நீந்தியா வந்தாவ?" புதுத்துணியை அவசர அவசரமாகச் சுற்றிக்கொண்டு, தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு, மழையில் ஓடி வந்திருக்கிறார்கள். ஒரு கோழிக்காக இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்த ஓரகத்திகள் இரண்டு பேர், ஐயர் பார்ப்பதற்குள் சமாதானமாக வேண்டுமே என்று கோயில் நடையில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

உள்ளே போனால் ஐயரைக் காணோம். வெளியே மரத்தடியில் மேஸ்திரி நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டே மணி அடிக்கிறார்.

"என்ன மேஸ்திரி, ஐயர் எங்கன?"

"பிள்ள அழுதுட்டு!" என்றாராம். "அழுதுட்டு! கேக்கலையா உங்களுக்கு?"

உபதேசியாருக்குத்தான் தலை சுற்றிவிட்டது. சபை முழுவதும் புதுத்துணியில் நிற்கிறது. வருஷமோ பிறக்கவில்லை. "நான் என்னவே செய்ய? ஐயர் இல்லாம வருசத்தத் தொறக்க எனக்கு அதிகாரம் கெடையாது," என்று கையைப் பிசைந்திருக்கிறார். கோழிக்கார ஓரகத்திகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "சரி, பேசினது பேசியாச்சு, நாளைக்கும் பேசிக்கிடுவோம்," என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து உபதேசியார் தொண்டையைச் செருமினாராம். "வருசத்தத் தொறக்கத்தான் அதிகாரம் வேணும். துதிக்கதுக்கு யார்கிட்ட கேக்கணும்? வாங்க," என்றாராம். ஐயரைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

எல்லாரும் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். புதுத்துணியெல்லாம் நனைய நனையப் பாடினார்கள். உபதேசியார் குரல் மட்டும் தனியாக மேலே போயிற்று. பாத்து அக்கா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஜன்னலில் காட்டினார்கள். இவள் அந்தப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு போல வீறிட்டாள்.

கிராம்பு மணம்

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரர் பரண்மேல் ஏறினார். கிராம்புச் சாக்குக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு இறங்கினார். தொட்டில் கயிறு. தேங்காய் நாரில் திரித்தது, புதிது, பிள்ளையின் கைபட்டால் உறுத்தாதபடி துணி சுற்றியிருந்தது. ஓர் இரும்புக் கொக்கியும் இருந்தது.

"எப்பம் திரிச்சீக?"

"ஆடியில."

ஆடியில்! எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்த காலம். நான் அகப்பையை எறிந்தபோது அந்தக் கயிறு என் தலைக்கு மேலே பரணில் இருந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு மட்டும் எங்கன இருந்து வந்தது இந்தத் தைரியம்?"

அவர் முக்காலியில் ஏறி உத்தரத்தில் கொக்கியை முடுக்கிக்கொண்டே சொன்னார். "தைரியமா? நீ வேற. பயந்துக்கிட்டேதான் திரிச்சேன். ஒவ்வொரு முறுக்குக்கும் பயந்தேன். ஆனா கயித்த விட்டுரல."

பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். நம்பிக்கை என்றால் என்ன என்று பெரிய பெரியவர்கள் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் முக்காலியில் நின்று கொக்கி முடுக்கிய அந்த மனிதரின் முதுகுதான் நினைவுக்கு வரும். நம்புகிறவனுக்குப் பயம் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன், அதனாலேயே எனக்கு நம்பிக்கை இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். பயத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கயிறு திரிக்கலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

சேலையை மடித்துத் தொட்டில் கட்டினார். பரணில் கிடந்த கயிறு ஆனதால் வீடு முழுக்கக் கிராம்பு மணம்.

ஐயர் வந்தார்

மறுநாள் மழை விட்டுத் தண்ணீர் வடிந்தது. மத்தியானம் போல ஐயர் வந்தார். வண்டி வரவில்லை, நடந்தே வந்துவிட்டார். அங்கியைச் சுருட்டித் தலையில் வைத்து, வேட்டியைத் தொடைக்கு மேல் கட்டி, முழங்கால்வரை சேறு. பிள்ளை பிறந்த செய்தி வழியிலேயே கிடைத்திருக்கிறது. கோயிலுக்குப் போகுமுன் என் வீட்டுக்குத்தான் வந்தார்.

வாசலிலேயே நின்று பிள்ளையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. முந்தின இரண்டு பிள்ளைகளையும் அடக்கம் பண்ணியவர் அவர்தான்.

"நான் வராம இங்கன வருசம் பொறக்காதுன்னு நீங்க எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருப்பீகன்னு அக்கரையில நின்னு தவிச்சேன்ம்மா," என்றார். கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். "உள்ளதச் சொன்னா, நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அப்போது வீட்டுக்காரருக்கும் உபதேசியாருக்கும் ஒரு தர்க்கம் எழுந்தது. பிறந்தது ஒன்றாம் தேதி, ஆகவே புது வருஷப் பிள்ளை என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு எங்கள் சபைக்கு வருஷம் பிறக்கவில்லை, ஆகவே பழைய வருஷப் பிள்ளை என்றார் உபதேசியார். இரண்டு பேரும் ஐயர் முகத்தைப் பார்த்தார்கள். ஐயர் என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் இல்ல ஐயரே," என்றேன். "வருசம் வாறதுக்கு முந்தியே வந்துட்டா. நான் அந்த வருசத்துக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன். கர்த்தர் அதுக்கு முந்தியே வந்து நின்னுட்டாரு."

ஐயர் உள்ளே வந்து தொட்டிலருகே குனிந்தார். பிள்ளையின் தலையில் கை வைத்தார். பிறகு கோயிலுக்குப் போனார். ஈரம் காயாத புதுத்துணியோடு சபை போயிற்று. தீட்டுக்காரி ஆனதால் நான் போகவில்லை, ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. கட்டிய தொண்டையோடு ஐயர் "புது வருஷ வாழ்த்துதல்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. தண்டவாள மணி விடாமல் அடித்தது. இந்தத் தடவை முறைப்படி, உபதேசியார் கையால்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷங்கள் வந்துவிட்டன. எல்லாம் நல்லதையே கொண்டுவந்தன என்று பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்காரரை ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு போயிற்று. பயமும் என்னைவிட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. டிசம்பர் கடைசியில் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும். போகிற இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர் போய் நிற்கிறார் என்று தெரிந்தவளுக்கு, நெஞ்சு அடித்தால் என்ன, கால் நடக்கும்.

அன்றைக்குக் கோயில் முடிந்து வீட்டுக்காரர் வந்தார். முகத்தில் திருவிருந்து எடுத்த அமைதி. சுண்ணாம்புச் சட்டியைக் கொல்லையிலிருந்து எடுத்துவந்தார். முக்காலியைச் சுவரோரம் போட்டு ஏறினார். ஏறிவிட்டு, கையை நீட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுக்கட்டுமா?"

"எடுங்க," என்றேன்.

எடுத்தாரா, புதியதை எப்போது மாட்டினார், அதில் என்ன படம் போட்டிருந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கினாள், நான் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.